படிவம் ஏழில் ஒரு பெயர்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் டெண்டர் வந்துவிட்டது. ஒரு நகராட்சிக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தரும் வேலை, இரண்டு வருடம். ஆவணம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். கடைசித் தேதி பிப்ரவரி 26. அச்செடுத்துத் துளை போட்டு ஃபைலில் கோப்பதற்கே பதினோரு மணி ஆனது. பிரிண்டர் வழக்கம்போல நூற்று முப்பதாம் பக்கத்தில் தாளைக் கடித்துக்கொண்டது.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். குழந்தைவேலு முதலாளி சத்தம் போட்டால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் பயம். இன்று மெதுவாகப் பேசினார். "அம்மணி, மூணு டெண்டர் வரிசையாப் போச்சுங்க. இதும் போச்சுன்னா கட்டுமானத்தை மூடிப்போட்டு, பம்ப்பு மட்டும் வித்துட்டு உக்காந்துக்குவேன். எனக்கு இனித் தெம்பு இல்லீங்க." கட்டுமானப் பிரிவில் நாற்பத்தோரு பேர் இருக்கிறோம். டெண்டர் பிரிவுக்கு அதில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் ஸ்கேனர்.

எஸ்தரிடம் போய்ச் சொன்னேன். எஸ்தர் எங்கள் தலைமை இன்ஜினியர், பத்தொன்பது வருடமாக எனக்கு அடுத்த அறை. பாளையங்கோட்டைக்காரி. கோயம்புத்தூருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவள் பேச்சில் ஒரு 'ங்க' கூட ஒட்டவில்லை. "இருநூறு பக்கம் எழுதியிருக்கானா? அப்பம் அவனுக்கே என்ன வேணும்னு தெரியலட்டி" என்றாள். மெலிந்திருக்கிறாள். டயட் என்கிறாள். இந்த வயதில் யாருக்காக என்று கேட்டேன். "கண்ணாடிக்கு" என்றாள்.

வரும் வழியில் சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

பிப்ரவரி 5, புதன்

எந்த டெண்டரிலும் எனக்கு உயிர் போகிற இடம் ஒன்று இருக்கும். இதில் அது படிவம் ஏழு. வேலையை முன்னின்று நடத்தப்போகும் டீம் லீடர் யார், என்ன படித்தார், எத்தனை நிலையம் கட்டினார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பதினைந்து வருட அனுபவம் இருந்தால் பதினைந்து மதிப்பெண். எங்களில் அது எஸ்தர் ஒருத்திக்குத்தான் இருக்கிறது. அடுத்தவர் கோகுலவாசன். நாற்பத்தாறு வயது, தங்கமான மனிதர், ஆனால் பாதி வருடங்கள் குழாய் பதிப்பதிலேயே போய்விட்டன. அவர் பெயரைப் போட்டால் ஆறு மதிப்பெண் கிடைக்கும்.

எஸ்தர் தன் சான்றிதழ்கள் இருக்கும் பச்சை ஃபைலை என் மேசையில் போட்டுவிட்டு சைட்டுக்குப் போய்விட்டாள். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். பி.இ. சான்றிதழ், பழைய கம்பெனியின் அனுபவக் கடிதம், கட்டி முடித்த நிலையங்களின் சான்றுகள். நடுவில் வேறு ஒரு தாளும் இருந்தது. டெண்டருக்குத் தேவையில்லாதது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மதியம் சாப்பிடவில்லை. புளிசாதம் சரியாக வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

அந்தத் தாளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரித் தாள். கணையத்தில் கட்டி, கல்லீரல் வரைக்கும் பரவியிருக்கிறது. டிசம்பர் மாதத் தேதி. இரண்டு மாதமாக அவளுக்குத் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

டெண்டரில் புரியாததையெல்லாம் கேள்வியாக எழுதி நகராட்சிக்கு அனுப்பலாம். ப்ரீ-பிட் கூட்டத்தில் அவற்றுக்குப் பதில் சொல்வார்கள். இன்று உட்கார்ந்து முப்பத்தோரு கேள்விகள் எழுதினேன். இருபத்தெட்டாவது இது: "படிவம் ஏழில் குறிப்பிடப்படும் டீம் லீடர் மரணம் அல்லது கடும் நோய் காரணமாகப் பணியில் தொடர இயலாத பட்சத்தில் மாற்று நபர் அனுமதிக்கப்படுவாரா?" எல்லாக் கம்பெனிகளும் கேட்கிற கேள்விதான். ராஜினாமா காரணமாக என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதவில்லை.

அச்செடுத்து எஸ்தர் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவளுடைய இனிஷியல் இல்லாமல் எந்தக் கேள்வித்தாளும் எங்கள் ஆபீஸை விட்டு வெளியே போகாது. பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாகவே செய்துவிடுகிறது. பஸ் காந்திபுரம் தாண்டிய பிறகுதான் எதைக் கொண்டுபோய் யாருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று உறைத்தது. இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பி ஓடினேன். அறை பூட்டியிருந்தது. வாட்ச்மேன் சொன்னார்: "மேடம் ஏதோ பேப்பரெல்லாம் கையில எடுத்துட்டுப் போனாங்க."

பிப்ரவரி 11, செவ்வாய்

எனக்கு முன்னால் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேள்வித்தாள் மேசைமேல் இருந்தது. இருபத்தெட்டாவது கேள்வியில் "அல்லது கடும் நோய்" என்ற மூன்று வார்த்தைகளைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் இனிஷியல் போட்டிருந்தாள்.

"நோயின்னு போட்டா மெடிக்கல் போர்டு, அந்த லெட்டரு, இந்த லெட்டருன்னு இழுப்பான். மரணம்னா ஒத்தத் தாளு. வேல சுளுவா முடியும்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏட்டி, மூக்கத் தொடச்சிக்க. தாளு நனையுது."

"எப்பச் சொல்லலாம்னு இருந்தே எஸ்தரு?"

"சொல்லி என்னத்துக்கு? தெனம் என் மூஞ்சியப் பாத்து அழுவ. டெண்டரு யாரு போடுவா?"

எல்லாவற்றையும் விலைப்பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னாள். டாக்டர் நாலு மாதம் என்றிருக்கிறார், கூடினால் ஐந்து. மருந்து ஏற்றினால் கொஞ்சம் நீளலாம், ஆனால் படுக்கையிலேயே கிடக்க வேண்டுமாம். வேண்டாம் என்றுவிட்டாள். கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் மகள் ஜெமிக்கு மட்டும் தெரியும்.

"என் பேரப் போடு, சுலோ. வேல கெடச்சிட்டா, பொறவு ஆள மாத்திக்கிடலாம். நாப்பது பேருக்குச் சோறு இருக்கும்லா. சரி, அத விடு. எனக்கு ஒரு வேல வேணும்ட்டி. வீட்டுல உக்காந்து செவரப் பாத்துக்கிட்டு நாள எண்ணிக்கிட்டு இருக்க என்னால ஆவாது. கடைசியா ஒரு பிளான்ட்டு என் பேருல போவட்டும்."

சரி என்றேன். சரி என்று நான் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ப்ரீ-பிட் கூட்டம். கம்பெனி காரில் இரண்டரை மணி நேரம். எஸ்தருக்கு இந்த மாதிரிக் கூட்டங்களுக்குத் தனியாகப் போவது பிடிக்காது, அதனால் எப்போதும் நானும் கூடப் போவேன். அறையில் முப்பது ஆண்களும் நாங்கள் இருவரும். கேள்விகளை வாசிக்க வேண்டியது டெண்டர் பிரிவின் வேலை, அதாவது என் வேலை. தொண்டை கட்டியிருந்ததால் எஸ்தர் வாசித்தாள். போன தடவையும் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஏசியை அவ்வளவு வைத்தால் வேறென்ன ஆகும்?

இருபத்தெட்டாவது கேள்வியை அவள் குரல் மாறாமல் வாசித்தாள். அதிகாரி கண்ணாடிக்கு மேலே பார்த்து, "டீம் லீடர் நீங்கதானேம்மா? நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள். எனக்கு அந்த அறையிலிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

வழியில் இளநீர் குடித்தோம். அவள் பாதிக்கு மேல் குடிக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பதில்கள் நகராட்சியின் டெண்டர் போர்ட்டலில் வந்துவிட்டன. இருபத்தெட்டாவது கேள்விக்கு: "டெண்டர் நிபந்தனைகளே பொருந்தும்." இன்னும் இருபது கேள்விகளுக்கும் அதே பதில். கூடவே ஒரு திருத்த அறிவிப்பும் வந்தது. கடைசித் தேதி மார்ச் 12 என்று மாற்றப்பட்டிருக்கிறது.

முதலாளிக்குச் சந்தோஷம். விலைகளை இன்னும் கொஞ்சம் பேசிக் குறைக்கலாம் என்கிறார். எல்லாக் கம்பெனிகளுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த அறிவிப்பைப் போட்டவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. இரண்டு வாரம் என்றால் யாருடைய இரண்டு வாரம் என்று அவனுக்கு என்ன தெரியும்.

மார்ச் 1, சனி

வீட்டு மோட்டார் ஓடவில்லை. பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று வரவே இல்லை. எஸ்தர் இன்று அரைநாள் லீவு. எனக்குத் தெரிந்து அவள் எடுத்த முதல் அரைநாள்.

மார்ச் 5, புதன்

படிவம் ஏழில் எஸ்தர் கையெழுத்துப் போட்டாள். "ஒப்பந்தக் காலமான இருபத்துநான்கு மாதங்களும் பணியிடத்தில் இருந்து பணியாற்றுவேன் என உறுதியளிக்கிறேன்." அதை உரக்க வாசித்தாள். "ரெண்டு வருசம் இருப்பேன்னு எழுதிக் கேக்க ஒருத்தன் இருக்கானே, பாத்தியா" என்று சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, முழுப் பெயரும் வருகிற மாதிரி போட்டாள். எஸ்தர் நிர்மலா தேவதாஸ். இவ்வளவு அழகாக அவள் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. மற்றபடி எல்லாம் கோழிக் கிறுக்கல்தான்.

அதற்குக் கீழே என் இடம். "மேற்கண்டவை அனைத்தும் எனக்குத் தெரிந்தவரை உண்மை. தவறெனத் தெரியவந்தால் நிறுவனமும், கையொப்பமிட்டவரும் மூன்று ஆண்டுகளுக்குத் தடை செய்யப்படுவதுடன் சட்ட நடவடிக்கைக்கும் உட்படுவர்." ஆர். சுலோச்சனா, அதிகாரம் பெற்ற கையொப்பதாரர்.

பேனா சரியாக எழுதவில்லை. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

நோட்டரி, ஆடிட்டர், வங்கி. எல்லாச் சீலும் வாங்கியாயிற்று. நாங்கள் போடப்போகிற டெண்டரின் முன்னூற்று எண்பது பக்கத்துக்கும் எஸ்தர் உட்கார்ந்தபடியே எண் போட்டாள். நடுவில் இரண்டு தடவை பாத்ரூம் போய் வாந்தி எடுத்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது என்று நினைக்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

முதலாளியிடம் எஸ்தரின் உடம்பைப் பற்றிச் சொன்னேன். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். பெயரைப் போட்டு வேலை கிடைத்து, பிறகு அவள் டிசம்பரிலேயே நோயாளி என்று தெரிந்தால் கம்பெனிக்குத் தடை வரும் என்றேன். கோகுலவாசன் பெயரைப் போடலாம், விலையில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றேன்.

"அந்தம்மாவுக்கு இப்படியுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணுங்க அம்மணி. ஆனா அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. என்னால முடியாது" என்றார்.

கோகுலை மாடிப்படிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினேன். "மேடத்துக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். சொல்லிக்கொள்ளலாம் என்றேன். நாளைக் காலை முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 12, புதன்

மதியம் இரண்டு இருபதுக்கு டெண்டர் போட்டாயிற்று. மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். போர்ட்டல் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. எஸ்தர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒப்புகைச் சீட்டு வந்ததும் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு டெண்டருக்கும் அது எங்கள் வழக்கம். சாப்பிட்டோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 13, வியாழன்

நேற்று எழுதியது முழுசும் இல்லை. எஸ்தரிடம் நான் சொல்லவில்லை. போர்ட்டலில் ஏறியிருப்பது கோகுலவாசனின் படிவம். எஸ்தர் கையெழுத்துப் போட்டது என் இழுப்பறையில் இருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய்ப் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நான் அதை ஏற்றினேன். திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அவள் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கிற ஆளும் இல்லை.

இது அவள் நல்லதுக்குத்தான். பெயர் இருந்தால் நகராட்சிக் கமிட்டி முன்னால் விளக்கம் சொல்லப் போக வேண்டும், இந்த உடம்போடு அலைய முடியுமா? கம்பெனிக்கும் இதுதான் நல்லது. சட்டப்படியும் இதுதான் சரி. மூன்று காரணம் இருக்கிறது. ஒன்றே போதுமானது.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று தொழில்நுட்ப உறைகளைத் திறந்துவிட்டார்கள். ஐந்து கம்பெனிகள். யார் யார் எந்த டீம் லீடரைப் போட்டிருக்கிறார்கள் என்கிற விவரம் போர்ட்டலில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. எஸ்தர் திங்கள் முதல் ஆபீஸ் வருவதில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது அவள் போர்ட்டலையெல்லாம் பார்க்கும் நிலையில் இல்லை.

மார்ச் 19, புதன்

எஸ்தர் ஃபோன் எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை. மருந்து மயக்கமாக இருக்கும். தோசை மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

மார்ச் 21, வெள்ளி

சாயந்திரம் பீளமேட்டில் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். ஜெமி வந்திருக்கிறாள், இனி இங்கேயே இருப்பாளாம். எஸ்தர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கமிட்டி முன்னால் பேச வேண்டியதை எனக்குப் பேசிக் காட்டினாள். இருபது நிமிடம். நடுவில் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. "அங்க உக்காந்தா பேச விடுவான்?" என்றாள்.

நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததால் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. பால் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று கோகுலையும் கூட்டி வரச் சொன்னாள். "அவனும் கேட்டுக்கிடட்டும், ஒருவேள எனக்கு அன்னைக்கி முடியாமப் போச்சுன்னா" என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். இரண்டு மணி நேரம் கோகுலிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். மழைத் தண்ணீர் சாக்கடையோடு கலந்து வந்தால் நிலையம் எப்படித் தாங்கும் என்பதில் அவர் மாட்டிக்கொண்டார். நாலு தடவை சொல்லிக் கொடுத்தாள். கோகுல் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நாளை பதினோரு மணிக்கு வரச் சொல்லி நகராட்சியிலிருந்து கடிதம். டீம் லீடர் திரு. கோகுலவாசன், உடன் இருவர்.

எஸ்தரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். கதவைத் திறந்ததும் நாற்காலியில் இஸ்திரி போட்ட நீலப் பட்டுச்சேலை மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். "தேதி தள்ளிப் போயிருச்சு எஸ்தரு" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"எத்தன நாளு?"

"பத்து நாளு."

"அறிவிப்பு வந்துச்சா?"

"ஃபோன்ல சொன்னாங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிட்டி. நீ வீட்டுக்குப் போயி ஒறங்கு. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு" என்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

நானும் கோகுலும் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாடி வராந்தாவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் நீலப் பட்டுச்சேலையில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெமி தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். சேலை அவள் மேல் நிற்கவே இல்லை, தோளில் இரண்டு ஊக்கு குத்தியிருந்தது. வாடகைக் காரில் விடியற்காலையே கிளம்பி வந்திருக்கிறார்கள்.

நான் மாடிப்படி ஓரத்திலேயே நின்றுவிட்டேன். அவள்தான் கையசைத்து என்னைப் பக்கத்து நாற்காலிக்கு வரச் சொன்னாள். கோகுலின் லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். ஒரு படத்தில் குழாயின் அளவு தப்பாக இருந்தது, திருத்தினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கம்பெனி பெயரைக் கூப்பிட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் உள்ளங்கை நனைந்திருந்தது. அவள் கை எலும்பாக இருந்தது, சுட்டது.

உள்ளே ஆறு பேர். கோகுல் நன்றாகவே பேசினார். பிறகு நடுவில் இருந்தவர் கேட்டார்: "மழைக்காலத்துல ரெண்டு மடங்கு தண்ணி வந்தா உங்க டிசைன் எப்படித் தாங்கும்?" கோகுல் ஆரம்பித்தார், நின்றார். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அதையே மாற்றிச் சொன்னார்.

எஸ்தர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "சார், அதுக்குத் தனியா ஒரு தொட்டி..." என்று தொடங்கினாள்.

அவர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்மா. உங்க பேரு?"

"எஸ்தர் நிர்மலா."

தாளைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார்: "உங்க பேரு லிஸ்ட்டுல இல்லையேம்மா. டீம் லீடர்தான் பதில் சொல்லணும். நீங்க யாரு?"

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் சும்மா கூட வந்தவ சார்" என்றாள். பின்னால் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பதில் முழுவதும் அவளுக்குத் தெரியும். அந்தத் தொட்டியை வரைந்ததே அவள்தான். கோகுல் திணறி முடிக்கும் வரை அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. நான் வாயைத் திறந்து, இந்த அம்மாதான் இதை வடிவமைத்தவர், பதில் சொல்ல விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். தொண்டை அடைத்துவிட்டது.

திரும்பும்போது அவளோடு வாடகைக் காரில் ஏறினேன். ஜெமி முன்னால் இருந்தாள். பாதி வழி தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நான் சொல்லியிருக்கணும் எஸ்தரு."

"ஆமா. சொல்லியிருக்கணும்." கண்ணை மூடியிருந்தாள். "நீ என் பேர அடிச்சது கூடப் பரவால்லட்டி. பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு அடிச்சியே."

"உன் நல்லதுக்குத்தான்..."

"சும்மா இரு, சுலோ."

அதற்குப் பிறகு என் தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். எடையே இல்லை.

ஏப்ரல் 5, சனி

அவள் எதற்காக வந்தாள் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பெயர் இல்லை என்று தெரிந்தேதான் வந்திருக்கிறாள். அந்த அறையில் என்னை வெட்கப்படுத்தத்தான் வந்திருக்க வேண்டும். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

ஏப்ரல் 17, வியாழன்

மதிப்பெண் பட்டியல் வந்தது. எழுபது எடுத்தவர்களின் விலை உறையைத்தான் திறப்பார்கள். நாங்கள் அறுபத்தேழு. எங்கள் விலை என்ன என்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

முதலாளி சத்தம் போடவில்லை. ஜூன் மாதத்தோடு கட்டுமானப் பிரிவை மூடுகிறார். எனக்குப் பம்ப்புப் பிரிவில் இடம் உண்டாம். நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 28, திங்கள்

எஸ்தரைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வாரம் பழைய ஃபைல்களையெல்லாம் கட்டிப் பரணில் ஏற்றுகிற வேலை. அடுத்த வாரம் கட்டாயம்.

மே 5, திங்கள்

அவள் தெரு முனை வரை போனேன். ஆப்பிளும் வாங்கியிருந்தேன். மழை வருகிற மாதிரி இருந்ததால் திரும்பிவிட்டேன். மழை வரவில்லை.

மே 9, வெள்ளி

எஸ்தர் காலை ஆறு மணிக்கு இறந்துவிட்டாள்.

மே 10, சனி

தேவாலயத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கோகுல் பெட்டியைத் தூக்கினார். முதலாளி குழந்தை மாதிரி அழுதார். நான் அழவில்லை. என்னைப் பார்த்தவர்கள் கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

மே 19, திங்கள்

ஜெமி ஆபீஸுக்கு வந்தாள். அம்மாவின் அறையில் இருந்த சாமான்களை எடுத்துப் போக வேண்டுமாம். நான்தான் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். காபி வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்றாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கி நகராட்சிக்குப் போனோம்ல, அதுக்காக அம்மாகிட்ட நான் ரொம்பச் சண்ட போட்டேன். அவங்களால நிக்கவே முடியல. பேரு இல்லன்னு மார்ச்சுலயே தெரியும் அவங்களுக்கு. போர்ட்டல்ல பாத்துட்டு லேப்டாப்ப மூடி வச்சாங்க. ரெண்டு நாளு என்கூட, யார்கூடவும் பேசல. அப்புறம் கூப்பிட்ட தேதியையும் அதுலயே பாத்துக்கிட்டாங்க. அப்படி இருக்க, ஏம்மா அவ்வளவு தூரம் போறேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"சுலோவுக்கு அந்த மாதிரி ரூம்ல கை நடுங்கும், தொண்டை அடைச்சிரும்னாங்க. பத்தொன்பது வருஷமா நான் பக்கத்துல இருந்துதான் உக்காந்திருக்கா, இப்பத் தனியா விட்டா பயந்துருவான்னு சொன்னாங்க." ஜெமி பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க சிரிக்காதீங்க ஆன்ட்டி. அம்மாவுக்கு எல்லாரும் சின்னப் பிள்ளைங்கதான்."

நான் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மதியம் வரை யாரும் வரவில்லை.

மார்ச் மாதம் மூன்று காரணம் எழுதியிருந்தேன். மூன்றும் இல்லை. அவள் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது, போலீஸ், கோர்ட்டு என்று ஏதேதோ கண்ணில் தெரிந்தது, எனக்குப் பயம். அவ்வளவுதான். அது அவளுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. "எனக்குப் பயமா இருக்கு எஸ்தரு" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், அவளே அந்தப் பெயரை எடுத்திருப்பாள்.